மேகி லீனா வாக்கர்: 'முதல் பெண் வங்கித் தலைவர்' என்ற ஒரு வரி போதுமா?

1. பழம்பேரேடு எழுதியது:

அமெரிக்க வங்கிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேகி லீனா வாக்கரைப் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் 1903-ஆம் ஆண்டு வங்கி தொடங்கிய கறுப்பினப் பெண், அந்நாட்டின் முதல் பெண் வங்கித் தலைவர் என்பதோடு அவருடைய கதை முடிந்துவிடுகிறது. அந்த வங்கி எப்படி நடந்தது, யாருடைய பணத்தில் நடந்தது, அதே நகரில் அதே மக்களுக்காக எழுந்த மற்ற வங்கிகள் சாய்ந்தபோது அது மட்டும் ஏன் சாயவில்லை என்பவைதாம் எனக்கு முக்கியமான கேள்விகளாகத் தோன்றுகின்றன. அவற்றைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: வாக்கர் 1864-இல், உள்நாட்டுப் போர் முடிவதற்கு முன்பே, ரிச்மண்டில் பிறந்தார். அடிமையாக இருந்து விடுபட்ட அவருடைய தாய் எலிசபெத் டிரேப்பர், வடபுலத்துப் படைக்கு உளவு சொன்ன எலிசபெத் வான் லூ என்ற செல்வச் சீமாட்டியின் வீட்டில் சமையல் பணி செய்துவந்தார். மாற்றாந்தந்தை வில்லியம் மிட்செல் 1876-இல் ஆற்றில் பிணமாகக் கிடந்தார். அதிகாரிகள் தற்கொலை என்று எழுதினார்கள். தாயோ கடைசிவரை கொலை என்றே நம்பினார். அதன்பின் தாய் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்ற, சிறுமி மேகி வெளுத்த துணிகளை வெள்ளையர் வீடுகளுக்குச் சுமந்து கொடுத்துவந்தார். தலையில் சலவைக் கூடையோடே பிறந்தவள் என்று பின்னாளில் தம்மைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டார். 1883-இல் ஆசிரியப் பயிற்சியை முடித்துப் பள்ளியில் சேர்ந்தார். 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கரை மணந்ததும், மணமான பெண்கள் ஆசிரியப் பணியில் நீடிக்கக் கூடாது என்ற அக்கால விதிப்படி வேலையை விட்டார்.

அவரை வங்கிக்குக் கொண்டுவந்து சேர்த்தது பள்ளியும் அல்ல, கணவர் வீடும் அல்ல. பதினான்கு வயதில் அவர் உறுப்பினராகச் சேர்ந்த 'இண்டிபெண்டன்ட் ஆர்டர் ஆஃப் செயின்ட் லூக்' என்ற சகாயச் சங்கமே அதற்கு வழியமைத்தது. அதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன். நண்பர்கள் இடையில் புகுந்து பேசலாம்.

2. ஒற்றைவரி எழுதியது:

தொடக்கத்திலேயே ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. 'நாட்டின் முதல் பெண் வங்கித் தலைவர்' என்பது சரியன்று. 1880-களிலேயே ஐயோவா மாநிலத்தின் மேரியன் நகரில் ஒரு பெண், வங்கித் தலைவராக இருந்த கணவர் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். வங்கிக்கான பட்டயத்தை, அதாவது வங்கி தொடங்க அரசு தரும் அனுமதியை, தாமே முன்னின்று பெற்று, அதற்குத் தலைமையும் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

3. பழம்பேரேடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பரவலாகச் சொல்லப்படுகிற அந்த வரியைத்தான் நானும் எடுத்துக்காட்டினேன். அது எவ்வளவு தளர்வானது என்பதை நீங்கள் காட்டிவிட்டீர்கள். கணவரின் பங்குகளோடு பதவியும் கைக்கு வருவது ஒன்று; காசில்லாத ஒரு சங்கத்திலிருந்து வங்கியை எழுப்புவது வேறொன்று.

இப்போது சங்கத்தின் கதைக்கு வருகிறேன். செயின்ட் லூக் சங்கத்தை 1867-இல் பால்டிமோரில் மேரி பிரௌட் என்ற கறுப்பினப் பெண் நிறுவினார். உறுப்பினர் நோயுற்றால் உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு என்பதே அதன் அடிப்படை வேலை. இதை வெறும் தருமச் சங்கமாகப் பார்க்கக் கூடாது. 1881-இல் புருடென்ஷியல் நிறுவனம், அதே சந்தாவைக் கட்டிய கறுப்பினத்தவருக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. வெளியே இப்படி நடத்தப்பட்டவர்கள் தமக்குள் வாரச் சந்தாவும் மாதச் சந்தாவும் சேர்த்து வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

1899-இல் வாக்கர் சங்கத்தின் தலைமைச் செயலாளரானார். அப்போது சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடனோ 400 டாலர். முந்தைய செயலாளர் ஆண்டுக்கு 300 டாலர் சம்பளம் வாங்கிய பதவியை இவர் 100 டாலருக்கு ஏற்றார். 1901-இல் சங்கத்தின் மாநாட்டில் மூன்று கோரிக்கைகளை வைத்தார்: ஒரு செய்தித்தாள், ஒரு கடை, ஒரு வங்கி. ஐந்து சென்ட் நாணயங்களை வாங்கி அவற்றை டாலர்களாக மாற்றும் வங்கி வேண்டும், நம் பணத்தை நமக்குள்ளேயே வட்டிக்கு விட்டு அதன் பலனை நாமே அனுபவிக்க வேண்டும் என்பது அந்த உரையின் சாரம். செய்தித்தாள் 1902-இல் வந்தது. செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் வங்கி 1903 நவம்பர் 2 அன்று சங்கத்தின் கட்டடத்திலேயே திறக்கப்பட்டது. முதல் நாளில் ஏறத்தாழ 280 பேர் வந்தார்கள். வைப்பும் பங்குத் தொகையுமாக அன்று சேர்ந்தது 9,340 டாலர் 44 சென்ட். அன்று கணக்குத் தொடங்கியவர்களில் ஒருவர் கொண்டுவந்தது 31 சென்ட் மட்டுமே.

4. கல்லாப்பெட்டி எழுதியது:

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் ஓர் ஐயத்தை எழுப்புகிறேன். தலைவர் என்ற பட்டம் வாக்கரிடம் இருந்தது. காசாளராக எம்மெட் பர்க் இருந்தார். இன்றைய நம் வழக்கில் காசாளர் என்றால் கவுண்டரில் பணம் எண்ணித் தருபவர். அக்கால அமெரிக்க வங்கிகளில் அந்தப் பதவிக்குப் பொருளே வேறு. கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பதும், பேரேட்டைச் சரிபார்ப்பதும், ஊழியர்களை நடத்துவதும், வங்கியின் சார்பில் கையொப்பமிடுவதும் காசாளரின் வேலை; நம் கணக்கில் அவரைப் பொது மேலாளர் என்றே சொல்ல வேண்டும். பல சிறு வங்கிகளில் தலைவர் என்பவர், ஊரில் மதிப்புள்ள ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதி வைப்பதற்காக அமர்த்தப்பட்டவராகவே இருந்தார். பர்க்கோ அதற்கு முன், ரிச்மண்டின் இன்னொரு கறுப்பினச் சகாயச் சங்கமான ட்ரூ ரிஃபார்மர்ஸின் வங்கியில் தொழில் பழகியவர். அப்படியானால் வங்கியை நடத்தியவர் வாக்கர்தாம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

5. பழம்பேரேடு எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. அன்றாட நடைமுறையைப் பர்க் பார்த்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து அமர்த்தியதையே வாக்கரின் முதல் நல்ல முடிவாக நான் எண்ணுகிறேன். ஆனால் அவர் பெயர்ப்பலகைத் தலைவர் அல்லர். வங்கியைத் திறப்பதற்கு முன் ரிச்மண்டின் மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கியில், வெள்ளையர் நடத்திய வங்கியில், சில மாதங்கள் நாள்தோறும் சில மணி நேரம் உட்கார்ந்து வேலை நடக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டார். கறுப்பினத்தவரை வெள்ளையரிடமிருந்து ஒதுக்கிவைக்கும் பிரிவினைச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த ஒரு தென்மாநிலத்தில், நாற்பதை நெருங்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி இதற்கு அனுமதி பெற்றார் என்பதே வியப்புக்குரியது.

இன்னொன்றையும் கருதுங்கள். ஒரு புதிய வங்கிக்குப் பேரேடு எழுதத் தெரிந்தவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திவிடலாம். வைப்பாளர்களை அப்படிக் கொண்டுவர முடியாது. இந்த மக்களுக்கு வங்கி என்றால் என்ன நினைவுக்கு வந்திருக்கும்? விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் மத்திய அரசின் பட்டயத்தோடு தொடங்கப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் வங்கி 1874-இல் மூடப்பட்டபோது, 60,000-க்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. அதற்கு ரிச்மண்டிலும் ஒரு கிளை இருந்தது. கடைசி நேரத்தில், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிப் புகழ்பெற்ற கறுப்பினப் பேச்சாளர் ஃபிரெடெரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வங்கி சாய்ந்தபோது வாக்கருக்கு வயது பத்து. அவர் வங்கி திறந்த காலத்தில் நடுவயதில் இருந்த சலவைக்காரிகளும் சமையல்காரிகளும் அந்த இழப்பை நேரில் கண்டவர்கள். அவர்களிடம் மீண்டும் 'வங்கியில் போடுங்கள்' என்று சொல்வதற்குச் சங்கத்தில் பல ஆண்டுகள் சந்தா வாங்கி, இறந்தவர் வீட்டில் தொகையைத் தவறாமல் கொடுத்த ஒருவர் தேவைப்பட்டார். அது பர்க்கால் ஆகியிருக்கக்கூடிய காரியமன்று.

6. கல்லாப்பெட்டி எழுதியது:

விளக்கத்தை ஏற்கிறேன். வைப்புத் திரட்டுவதுதான் தலைவரின் வேலை என்றால், அவர் அதைச் செம்மையாகச் செய்திருக்கிறார்.

7. எதிர்ப்பதிவு எழுதியது:

இந்த இழையில் புகழ் சற்றுக் கூடிக்கொண்டு போகிறது. வாக்கரின் மூன்று திட்டங்களில் ஒன்றான கடை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. 1905-இல் நகரின் முதன்மை வணிக வீதியான பிராட் தெருவில் செயின்ட் லூக் எம்போரியம் என்ற பல்பொருள் அங்காடியைத் திறந்தார்கள். ஆறேழு ஆண்டுகளுக்குள் அது மூடப்பட்டது. வெள்ளை வணிகர்கள் மொத்த வியாபாரிகளை மிரட்டிச் சரக்கு கிடைக்காமல் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கறுப்பின வாடிக்கையாளர்களே போதிய அளவில் வரவில்லை என்பதும் உண்மை. அதை வாக்கரே மேடையில் சொல்லி வருந்தியிருக்கிறார். இனவெறியை ஒரு சிங்கமாக உருவகித்து, வெள்ளையர் கடையில் செலவழிக்கும் ஒவ்வொரு காசும் அந்தச் சிங்கத்துக்குப் போடும் தீனி என்று 1906-ஆம் ஆண்டு உரையில் அவர் பேசியது இந்த ஏமாற்றத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

1904-ஆம் ஆண்டின் டிராம் புறக்கணிப்பும் இப்படித்தான் மிகைப்படுத்தப்படுகிறது. இருக்கைகளை இனவாரியாகப் பிரித்த டிராம் நிறுவனத்துக்கு எதிராக வாக்கரின் செய்தித்தாளும், 'ரிச்மண்ட் பிளானட்' செய்தித்தாளின் ஆசிரியர் ஜான் மிட்செலும் மக்களை நடக்கச் சொன்னார்கள். நிறுவனம் அதே ஆண்டு நொடித்து நீதிமன்றப் பொறுப்பாளரிடம் போனது. ஆனால் 1906-இல் மாநிலச் சட்டமே டிராம்களில் பிரிவினையைக் கட்டாயமாக்கிவிட்டது. வென்றார்கள் என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது வரலாறு ஆகாது.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. சங்கத்தின் செயலாளரும் அவரே, வங்கியின் தலைவரும் அவரே, கடையை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஒரே கை மூன்று பெட்டிகளில் நுழைந்தால் எந்தத் தணிக்கையாளருக்கும் தூக்கம் வராது.

8. கல்லாப்பெட்டி எழுதியது:

கடைசிப் பத்தியில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த இழையில் நாம் தொட வேண்டிய இடமும் அதுதான். உங்கள் அச்சம் பக்கத்துத் தெருவிலேயே நடந்து முடிந்தது.

ட்ரூ ரிஃபார்மர்ஸ் சங்கத்தின் வங்கி 1888-இல் பட்டயம் பெற்றது. கறுப்பினத்தவருக்கு வங்கிப் பட்டயம் கிடைத்ததில் அதுவே முன்னோடி. பர்க் தொழில் பழகியதும் அங்கேதான். அந்த வங்கி, தான் சார்ந்த சங்கத்தின் சொந்த முயற்சிகளுக்குப் போதிய ஈடு இல்லாமல் கடன் கொடுத்தது. அவை திரும்பி வரவில்லை; காசாளர் கையாடலும் செய்தார்; 1910-இல் வங்கி விழுந்தது. கவனியுங்கள், விழுந்த வங்கிக்கும் வாக்கரின் வங்கிக்கும் அமைப்பு ஒன்றே: மேலே சகாயச் சங்கம், அதன் கீழே வங்கி, பக்கத்தில் கடைகளும் கட்டடங்களும்.

அதன்பின் மாநில அரசு வங்கிகளை முறையாகத் தணிக்கை செய்யத் தொடங்கியது. சகாயச் சங்கங்களிடமிருந்து வங்கிகள் பிரிய வேண்டும் என்றும் ஆயிற்று. வாக்கர் அப்படிப் பிரிப்பதை 1911-இல் செய்து முடித்தார். வங்கி 'செயின்ட் லூக் பேங்க் அண்ட் டிரஸ்ட் கம்பெனி' என்ற தனி நிறுவனமானது. சங்கம் தன் பணத்தை அங்கே தொடர்ந்து வைத்திருந்தது. ஆனால் இனி அதுவும் ஒரு வைப்பாளர்தான், முதலாளி அன்று. எம்போரியத்தை மூடியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். நீங்கள் அதைத் தோல்வியாகப் பார்க்கிறீர்கள். நட்டத்தில் ஓடும் கடைக்கு வைப்பாளர் பணத்தைத் தொடர்ந்து ஊற்றாமல் நிறுத்திக்கொண்டதாக நான் பார்க்கிறேன். ட்ரூ ரிஃபார்மர்ஸ் செய்யாமல் விட்டது அதைத்தான்.

9. எதிர்ப்பதிவு எழுதியது:

அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனாலும் கடையை மூடியது முன்யோசனையால் அன்று, வேறு வழியில்லாமல்தான் என்ற என் கருத்து மாறவில்லை.

10. சில்லறை எழுதியது:

இடையில் ஒரு சிறு குறுக்கீடு. வாக்கர் பொறுப்பேற்றபோது சங்கத்தின் கையிருப்பு வெறும் 31 சென்ட் என்று ஓரிடத்தில் படித்த நினைவு இருந்தது. மேலே 3-ஆம் பதிவைப் படித்தபின்தான் இரண்டு முப்பத்தொன்றுகள் கலந்துபோனது புரிந்தது. 1899-இல் சங்கத்திடம் இருந்தது 31 டாலர் 61 சென்ட். 1903-இல் ஒரு வைப்பாளர் கொண்டுவந்தது 31 சென்ட். பழம்பேரேடு ஐயாவுக்கு நன்றி.

அந்த வைப்புத் தொகைகளைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. 1895-இலேயே சங்கத்தில் சிறுவர் பிரிவை உருவாக்கியவர் வாக்கர். வங்கி வந்தபின் சிறுவர்களுக்குச் சிறு உண்டியல்களைக் கொடுத்து, சேர்ந்ததை எடுத்துவந்து கணக்குத் தொடங்கும்படி பழக்கினார்கள். வங்கியின் பெயரில் 'பென்னி' இருப்பது அலங்காரத்துக்காக அன்று.

11. கூடத்துவிளக்கு எழுதியது:

நான் கேட்க நினைப்பது, அந்தப் பணம் எங்கே போனது என்பதைத்தான். சேமிக்கச் சொன்ன வங்கிகள் ஏராளம். ஏழைகளிடம் வாங்கிப் பணக்காரர்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் ஏராளம்.

12. பழம்பேரேடு எழுதியது:

அம்மா, கேள்வியின் கூர்மை பிடித்திருக்கிறது. பெரும்பகுதி வீட்டுக்கடனாகப் போனது. 1920-க்குள் 600-க்கும் மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் இந்த வங்கியின் அடமானக் கடனால் வீடு வாங்கியிருந்தன. வெள்ளையர் வங்கிகளில் அவர்களுக்கு இந்தக் கடன் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நிபந்தனைகள் கடுமையாக இருக்கும். அவர்கள் வாழ்ந்த ஜாக்சன் வார்டு பகுதியில் தொழில் நடத்தியவர்களுக்கும் தேவாலயங்களுக்கும் கடன் கிடைத்தது. 1901-இல் 'நமக்குள்ளேயே வட்டிக்கு விடுவோம்' என்று அவர் பேசியதன் நடைமுறைப் பொருள் இதுதான்: லீ தெருவில் துணி வெளுப்பவரின் வைப்பு, அடுத்த தெருவில் தச்சர் ஒருவர் வாங்கும் வீட்டுக்கு முதலாகிறது, தச்சர் கட்டும் வட்டியில் ஒரு பங்கு துணி வெளுப்பவருக்குத் திரும்புகிறது.

வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்நகரில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலைகள் வீட்டுவேலை, சலவை, புகையிலை ஆலை ஆகியவையே; படித்தவர்களுக்கு மணமாகும்வரை ஆசிரியப் பணி. சங்கத்தின் அலுவலகத்திலும் செய்தித்தாளிலும் வங்கியிலும் எழுத்தர், தட்டச்சர், கணக்கர் என்ற பதவிகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். வங்கியின் இயக்குநர் குழுவிலும் பெண்கள் இருந்தார்கள். மணமானதற்காக வேலையை இழந்த ஒருவர், பதினேழு ஆண்டுகள் கழித்து இதைச் செய்தார்.

13. கூடத்துவிளக்கு எழுதியது:

நன்றி ஐயா. அவருடைய சொந்த வாழ்வைப் பற்றி ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன். அனுதாபத்துக்காக அன்று, பதவியோடு தொடர்புடையது என்பதற்காக. 1915 ஜூன் மாதத்தில் வீட்டுக்குள் திருடன் நுழைந்துவிட்டதாக எண்ணி மூத்த மகன் ரஸல் சுட்டதில் கணவர் ஆர்ம்ஸ்டெட் இறந்தார். மகன் மீது கொலை வழக்கு நடந்து, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அந்தச் சமயத்தைப் பயன்படுத்திச் சங்கத்துக்குள் இருந்த எதிரணியினர் வாக்கரைப் பதவியிலிருந்து இறக்க முயன்றார்கள். அது நடக்கவில்லை. ரஸல் 1923-இல் இறந்தார். முழங்கால் காயமும் நீரிழிவும் சேர்ந்து, 1928 முதல் வாக்கர் சக்கர நாற்காலியில்தான் இயங்கினார். வீட்டில் மின்தூக்கி வைத்துக்கொண்டார், காரையும் சக்கர நாற்காலியோடு ஏறும்படி மாற்றியமைத்தார், வேலையை விடவில்லை.

14. எதிர்ப்பதிவு எழுதியது:

அப்படியானால் கடைசிக் கேள்வி. 1930-இல் செயின்ட் லூக் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து தன் பெயரை இழந்தது. இதையும் வெற்றி என்பீர்களா?

15. கல்லாப்பெட்டி எழுதியது:

பெயரை இழந்தது, வைப்பாளர்கள் பணத்தை இழக்கவில்லை. என் தொழிலில் இரண்டாவதற்கே மதிப்பெண்.

இணைப்புக்கு முந்தைய பத்தாண்டுகளைப் பார்க்க வேண்டும். டிராம் புறக்கணிப்பில் வாக்கரோடு நின்ற ஜான் மிட்செல், தாமும் மெக்கானிக்ஸ் சேவிங்ஸ் வங்கி என்ற ஒன்றின் தலைவராக இருந்தார். 1921 தேர்தலில் மிட்செல் ஆளுநர் பதவிக்கும் வாக்கர் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் பதவிக்கும், கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட ஒரே அணியில் போட்டியிட்டுத் தோற்றார்கள். மறு ஆண்டே மிட்செலின் வங்கி மூடப்பட்டது. அவர்மீது மோசடி வழக்குத் தொடர்ந்தார்கள், தண்டனையும் விதித்தார்கள், பின்னர் மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. வங்கி மட்டும் திரும்பவில்லை. இருபது ஆண்டுகள் ஒரே நகரில் ஒரே மக்களிடம் வைப்புத் திரட்டிய இருவரில் ஒருவர் இப்படி முடிந்ததை வாக்கர் பக்கத்திலிருந்து பார்த்தார்.

1929-இன் பங்குச் சந்தை வீழ்ச்சி, 1930-இன் தொடக்கத்தில் செகண்ட் ஸ்ட்ரீட் சேவிங்ஸ் வங்கியோடு இணைப்பு, அடுத்த ஆண்டு மூன்றாவதாக ஒரு வங்கியும் சேர்க்கை என்ற வரிசையைப் பாருங்கள். இப்படி உருவான கன்சாலிடேட்டட் பேங்க் அண்ட் டிரஸ்ட் கம்பெனியில் வாக்கர் இயக்குநர் குழுவின் தலைவரானார். நாட்டில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மடிந்த அந்த மந்தத்தை அது தாண்டியது. தலைவர் நாற்காலியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து மூன்று வங்கிகளின் மூலதனத்தை ஒன்று சேர்ப்பது, தன் பெயரில் பற்றுள்ள எந்தத் தலைவருக்கும் எளிதன்று. பெரும்பாலான சிறு வங்கித் தலைவர்கள் அதற்கு இணங்காமலே வங்கியைத் தொலைத்தார்கள்.

16. எதிர்ப்பதிவு எழுதியது:

மூன்று பெட்டிகளில் ஒரே கை என்ற என் குற்றச்சாட்டை 1911-க்கு முந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அது பொருந்தாது.

17. பழம்பேரேடு எழுதியது:

வாக்கர் 1934 டிசம்பர் 15 அன்று இறந்தார். கன்சாலிடேட்டட் வங்கி 2005 வரை கறுப்பினத்தவர் உரிமையிலேயே தனித்து நடந்து, பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர் வாழ்ந்த லீ தெரு வீடு 1978 முதல் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள நினைவிடம். தொடக்கத்தில் வாங்கியதைக் குடும்பம் பெருகப் பெருக நீட்டி, கடைசியில் 28 அறைகள் ஆக்கியிருந்தார்கள். கல்லாப்பெட்டி ஐயா எழுப்பிய காசாளர் கேள்வியைத் தனி இழையாக எடுக்கலாம் என்று எண்ணுகிறேன். ட்ரூ ரிஃபார்மர்ஸ் வங்கியில் பழகிய பர்க், அங்கே கண்ட எதையெல்லாம் இங்கே செய்யாமல் விட்டார் என்பதை அதில் விரிவாகப் பார்க்கலாம்.